சதுர்த்தசியும் வியட்நாம் இறக்கமும்

இரண்டு கையாலும் பிரேக்கை அழுத்துகிறேன். விரல் மடங்கவில்லை. வலப்பக்கம் பள்ளம்... அடியே தெரியாமல் பனி. பத்தடி முன்னால் என் மச்சான் தரணேந்திரன் விசிலடித்துக்கொண்டே இறங்கிக்கொண்டிருக்கிறான்.

போன மாதம் நடந்தது இது. எழுத உட்கார்ந்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது.

எனக்கும் மச்சானுக்கும் என் மகள்தான் டிக்கெட் போட்டாள். வியட்நாம் மலையில் ஆறு நாள் சைக்கிள் பயணம். பத்துப் பேர், வழிகாட்டியாக ஒரு பெண், பின்னாலேயே ஒரு வேன். செஞ்சியில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வியாபாரம் பார்க்கிறவனுக்கு இதெல்லாம் தேவையா? தேவையில்லைதான். ஆனால் தினமும் பக்கத்து ஊர் வல்லம் வரை சைக்கிளில் போய் வருகிறவன் என்ற கர்வம் ஒன்று இருந்ததே!

வழிகாட்டியின் பெயர் லான். என் மகள் வயதுதான். முதல் நாளே தரணேந்திரனிடம் ஒரு தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டாள் — "சாப்டியா?" வண்டி நிற்கும் இடத்தில் எல்லாம் ஒவ்வொருவரிடமும் கேட்பாள். சாப்பிடாதவர் வேனில் ஏறிவிட வேண்டும். அது அவள் போட்ட சட்டம்.

மூன்றாம் நாள் பெரிய மலை. அன்றைக்கென்று பார்த்து சதுர்த்தசி.

நாங்கள் சமணர்கள். அட்டமி, சதுர்த்தசியில் எனக்கு உபவாசம், தண்ணீர் மட்டும்தான். காய்ச்சலில்கூட விட்டதில்லை. லானிடம் சொன்னால் வேனில் ஏற்றிவிடுவாள். உபவாசத்தை விடவும் மனசில்லை... மலையை விடவும் மனசில்லை. என்ன செய்தேன் தெரியுமா? அவள் கேட்டபோது வயிற்றைத் தடவிக் காட்டி, "சாப்ட்டேன்" என்றேன். வழியில் இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் அதே பதில். தரணேந்திரன் காலண்டர் பார்க்கிற ஆளில்லை. அவனிடமும் சொல்லவில்லை.

ஏற்றத்தில் ஒன்றும் ஆகவில்லை. இறக்கத்தில்தான் கண் இருட்டியது. கை மரத்தே போனது. "ஓரம் போடா!" என்று கத்த வாயெடுத்தேன். ஓரம் போனால் பள்ளம்!

நமோகார மந்திரம் சொல்ல ஆரம்பித்தேன். முதல் வரிக்கு மேல் ஓடவில்லை. நான் விழுந்தால் அது என் வினை. இவன்? என் மனைவிக்கு ஒரே தம்பி. மேல்சித்தாமூரில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இவனுக்காகக் காத்திருக்கின்றன. ஐந்தடி... நாலடி...

கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கம் ஒடித்தேன். எதிரே லாரி வந்திருந்தால்? வரவில்லை. பாறையோரக் கால்வாயில் சேற்றோடு சேறாகக் கிடந்தேன்.

"மாமா! இன்னா ஆச்சு மாமா? பிரேக்கு புடிக்கலியா?"

"சாப்பிடலடா. சதுர்த்தசி."

அவன் முகம் வெளுத்தது. அப்புறம்தான் கோபம் வந்தது. "எறும்ப மெதிக்காம நடக்கிற ஆளு... மச்சான் மேல ஏத்தப் பாத்தீங்களே! சொல்லியிருந்தா நான் பின்னாடி வந்திருப்பேன்ல?"

லான் ஓடி வந்தாள். என் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டாள். இல்லையென்று தலையாட்டினேன். அவள் திட்டவில்லை. என் சைக்கிளைத் தானே தூக்கி வேனில் ஏற்றினாள்.

எந்த உயிருக்கும் நம்மால் தீங்கு வரக்கூடாது என்றுதானே இந்த விரதமெல்லாம்? அதை மறைக்கச் சொன்னது எங்கள் சாமி அருகனா? மலையுச்சியில் நின்று போட்டோ எடுத்து, செஞ்சி கடைத்தெருவில் காட்ட வேண்டும் என்ற ஆசைதானே!

சாயந்திரம் நானே மனைவிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தம்பிக்கு ஒன்றும் இல்லையே என்றுதான் முதலில் கேட்டாள். அப்புறம்தான் என் பக்கம் வந்தாள்.

"நாளைக்கு வேன்லதான வருவீங்க?"

"வேன்லதான்."

"சத்தியமா?"

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் என்னிடம் சத்தியம் கேட்டது அன்றைக்குத்தான்.