ஊசி அம்மாவுக்குத்தான்

வண்டன்மேட்டில் ஏலக்காய் எடுக்கும் என் அம்மாவுக்கு, முகத்துத் தோல் தெளிய ஊசி போட்டுக்கொள்ள ஆசை. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். பெருமையோடு அவளைக் கட்டப்பனையில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன்.

வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பார்த்து, மலையாளம் கலந்த தமிழில், "மோளுக்குத்தானே, மகளுக்கு?" என்றாள்.

"இல்லை, அம்மாவுக்கு."

அம்மாவின் ஏலக்காய்க் கறை படிந்த விரல்களைப் பார்த்து அவள் சிரித்தாள். "காட்டுல பணியெடுக்கிற அம்மைக்கு இது எதுக்கு? யாரு பாக்கப் போறாங்க?"

எனக்கு ரத்தம் கொதித்தது. அம்மா பறித்த ஏலக்காய் இவள் வீட்டுப் பாயசத்தில் மணக்கலாம், அம்மாவின் முகம் மட்டும் மினுங்கக் கூடாதா? "மனுஷிகிட்டப் பேசுற பேச்சா இது? வாம்மா, போலாம்" என்று கத்தி, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

அம்மா நாற்காலியை விட்டு அசையவில்லை.

"நீ எதுக்குடி குதிக்கிற? ஊசி எனக்குல்ல?" என்றவள், அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "ஏம்மா, ஏலக்காட்டுக்காரி மொகத்துல ஊசி எறங்காதா? யாரும் பாக்க வேணாம். கண்ணாடில நான் பாத்துக்கிறேன். டாக்டரக் கூப்புடு."

அம்மா ஊசி போட்டுக்கொண்டுதான் திரும்பினாள். அந்தப் பெண்மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனால் அம்மாவுக்காகக் கொதித்த நானே அவள் ஆசையைப் பாதியில் விட்டுவிட்டு வரப் பார்த்தேனே, அதை நினைத்தால் என்மீதும் கோபம்தான் வருகிறது.