கிங்ஸ்பரித் தோட்டத்தில் தங்கம் தேடியபோது

லண்டன் கிங்ஸ்பரியில் என்னைத் தங்க வைத்திருக்கும் யாழ்ப்பாண நண்பர் தயாபரனுக்கு ஒரு பித்து உண்டு. விடுமுறை கிடைத்தால் வேல்ஸ் மலைகளுக்குப் போய் குவார்ட்ஸ் என்ற வெள்ளைக் கற்களைப் பொறுக்கி வருவார். அவற்றுக்குள் சில வேளை தங்கம் ஓடியிருக்குமாம்.

இன்று காலை பின்தோட்டத்தில் கற்களைப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் புதிதாக வாங்கிய மெட்டல் டிடெக்டரைப் பிடிக்கிறார். ஒரு கல்லின் மேல் அது கத்துகிறது.

"தங்கமா?" என்று துள்ளுகிறேன்.

அவர் கல்லைத் தூக்கி அப்பால் வைக்கிறார். சத்தம் நிற்கவில்லை. "கல்லில இல்லை. மண்ணுக்குள்ள ஏதோ கிடக்குது."

மெல்லத் தோண்டுகிறார். தகடுகள் பதித்த துருப்பிடித்த இரும்பு வால் ஒன்று தெரிகிறது. அவர் முகம் வெளுக்கிறது. "அசையாதேங்கோ. குண்டு."

இரண்டாம் உலகப் போரில் விழுந்து வெடிக்காமல் போன குண்டு. இத்தனை நாளும் அதன்மேல் உட்கார்ந்துதான் சுத்தியலால் கல் உடைத்திருக்கிறார்.

பொலிஸ் தெருவையே காலி செய்கிறது. ராணுவத்தார் குண்டைச் செயலிழக்கச் செய்யும்வரை தெருமுனையில் நிற்கிறோம். எல்லோரும் வெறுங்கையோடு நிற்க, தயாபரனின் மனைவி தோளில் மட்டும் ஒரு பை. உள்ளே பாஸ்போர்ட்டுகள், பிள்ளைகளின் உடுப்பு, பிஸ்கட்.

"அந்தப் பதற்றத்துல இதையெல்லாம் எப்படிங்க எடுத்து வச்சீங்க?"

"இப்ப எடுத்து வைக்கேல்லை அண்ணை. ஊரில ஷெல் அடிக்கத் துவங்கின நாளில இருந்து இந்தப் பை கட்டினபடிதான் கிடக்குது. பிள்ளையள் வளர வளர உடுப்பை மட்டும் மாத்துவன். இங்க வந்தும் அவிழ்க்க மனம் வரேல்லை."