வலை இறங்காத மூன்று நாட்கள்

பெரிய கப்பலை முதன்முதலில் பக்கத்தில் நின்று பார்த்த அன்று, நாற்பது வயதுப் பெண் பொறியாளர் என்கிற மிடுக்கையெல்லாம் மறந்து வாயைப் பிளந்துவிட்டேன். தலையை எவ்வளவு நிமிர்த்தினாலும் கப்பல் முடியவில்லை. உச்சியில் ஒரு கிரேன் கன்டெய்னரைத் தீப்பெட்டி மாதிரி தூக்கிக்கொண்டு போனது. கூட வந்தவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு வெட்கமில்லை.

செய்த வேலையும் அப்படிப்பட்டதுதான். எங்கள் வட்டாரத் துறைமுகங்களுக்கு அடுத்த முப்பது வருடங்களில் எங்கே, எதில் முதலீடு செய்வது என்று திட்டம் எழுதும் குழுவில் இருந்தேன். இன்னும் கட்டாத கப்பலுக்கு இன்றைக்கே ஆழம் குறிக்க வேண்டும். மணவாள நகரிலிருந்து கிளம்பி ரயிலேறினால், செவ்வாப்பேட்டை தாண்டுவதற்குள் மனதில் இரண்டு பாலம் கட்டி முடித்திருப்பேன்.

என் பங்கு, கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைகளிலிருந்து துறைமுகத்துக்குச் சரக்கு ரயில் பாதை. பழவேற்காடு ஏரியின் ஓர் ஓரத்தை மண் கொட்டி மேடாக்கினால் பாதை நேராகப் போகும். மூன்று நாள் போய்ப் பார்த்தோம். சுற்றிலும் படகுகள், அந்த ஓரத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை. ‘பயன்பாட்டில் இல்லாத நீர்ப்பரப்பு’ என்று வரைபடத்தில் எழுதிவிட்டு, கோட்டை நேராக இழுத்தேன். அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தும் போனேன்.

இரண்டு மாதம் கழித்து, கரையோரக் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் கருத்துக் கேட்கும் கூட்டம். வரைபடத்தை மேசையில் விரித்தேன். ஒரு மீனவர் என் கோட்டின்மேல் விரலை வைத்தார்.

“இன்னா மேடம், இத்த காலின்னு போட்டுக்கிறீங்க?”

“மூணு நாள் வந்து பார்த்தோம். ஒரு படகுகூட இல்லையே,” என்றேன், கொஞ்சம் கெத்தாகவே.

எந்தெந்த நாள் என்று கேட்டார். சொன்னேன். எல்லோரும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கிருந்து என் வயதுப் பெண் ஒருவர் எழுந்தார்.

“அந்த மூணு நாளும் எங்க ஊட்டு முறை மேடம். மொத நாளு வெடிகாலைல எங்க ஊட்டுக்காரரு தவறிப் பூட்டாரு.”

எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை இறக்குவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். பாடு என்று அதற்குப் பெயர். முறைக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் அந்தத் தண்ணீரை வேறு யாரும் தொடுவதில்லை.

“எறா நெறைய கெடந்துச்சு,” என்றார் மீனவர். “இருந்தா இன்னா? அவங்க முறையில நாங்க எப்டி எறங்கறது?”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கப்பலைப் பார்த்தபோதுகூட இப்படி இல்லை. கண்ணெதிரே இறால் கிடக்க, ஓர் ஊரே மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அந்த மரியாதையைப் போய்க் காலி என்று எழுதியிருக்கிறேன், மடச்சி.

அந்தப் பெண் உட்காரவில்லை. “இப்ப அந்த முறையில எங்க கொழுந்தனாரு வலை போட்றாரு. பாதி எனக்கு வந்துடும். அத்த வெச்சிதான் ஊடு ஓடிக்கினு இருக்குது. முப்பது வருசத்துக்கு பிளான் போட்றீங்களே, அதுல என் முறை எத்தினி வருசம் வரைக்கும் மேடம்?”

அவர் கேள்வியையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் கோட்டை வளைக்க வேண்டும் என்றேன். “தூரம் கூடும், செலவு கூடும். ஒரு வீட்டுச் சாவுக்காகவா?” என்றார் மேலதிகாரி. கோபம் சுர்ரென்று ஏறியது.

“சார், நாம பார்த்துட்டு வந்தது காலித் தண்ணியை இல்ல. இழவு வீட்டை.”

அவர் வரைபடத்தை என் பக்கம் தள்ளினார்.

கோடு வளைந்தது. மேலிடம் அதை ஏற்குமா என்று இன்றுவரை தெரியாது. பழைய எழுத்தை அழித்த இடத்தில் என்ன எழுதுவது என்று எனக்கு ஓடவில்லை. அந்தப் பெண்ணுக்கே போன் போட்டுக் கேட்டேன்.

“இன்னாத்த எழுதறது? ஆளு இருக்குதுன்னு எழுதுங்க மேடம்.”

அப்படியே எழுதினேன்.