பூச்சி இல்லாத பாட்டில்

சிலந்தியைப் பிடித்தால் அதைச் சாராயத்தில்தான் போட்டு வைக்க வேண்டும். எப்படிச் சுற்றிவளைத்துச் சொன்னாலும் விஷயம் அதுதான். வண்ணத்துப்பூச்சியைக் குண்டூசியில் குத்திக் காயவைக்கலாம். வண்டை அப்படியே பெட்டியில் வைத்துவிடலாம். சிலந்தியின் வயிறு மெத்தென்று இருக்கும். காய்ந்தால் சுருங்கி ஒன்றுக்கும் உதவாது. ஆகவே அதற்கு ஸ்பிரிட் வேண்டும். நான் சிலந்தி பிடிக்கக் கிளம்பிய அறுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் மதுவிலக்கு. மலை ஏறிக் குமுளிக்குப் போனால் கேரளம், அங்கே சாராயக்கடையைத் திறந்துவிட்டார்கள். மலையிலிருந்து இறங்கும் பஸ்களில் எல்லாம் போலீஸ் ஏறி மோந்து பார்த்த காலம் அது. எனக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. தெரிந்தும் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

கம்பம் கடைத்தெருவில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. நான் பக்கத்து ஊர்க் கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். பையன்கள் தவளையை அறுக்கும்போது மயக்கம் போட்டு விழாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாலும் என் வேலை. ஒருநாள் எங்கள் துறைக்குக் கல்கத்தாவிலிருந்து ஒரு தபால் வந்தது. அங்கே ஒரு நிபுணர் நாட்டில் உள்ள சிலந்தி இனங்களுக்கெல்லாம் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தார். உங்கள் பக்கத்துச் சிலந்திகளைப் பிடித்து அனுப்புங்கள் என்று கல்லூரிகளுக்கெல்லாம் எழுதியிருந்தார். கூடவே அதுவரை சேர்ந்த பட்டியலின் நகலும் இருந்தது. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வரி. அந்த வரியில் அது முதலில் கிடைத்த இடம், வரியின் கடைசியில் அதைப் பிடித்தவர் பெயர்.

நகலை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். மதுரை இருந்தது. கொடைக்கானல் இருந்தது. மலைக்கு அந்தப்பக்கத்து ஊர்கள் வரிசையாக இருந்தன. நடுவில் எங்கள் பள்ளத்தாக்கைக் காணோம். இத்தனை வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் இருக்கிற சீமையில் ஒரு சிலந்திகூடவா கிடையாது? எனக்குச் சுருக்கென்று இருந்தது. அந்தப் பட்டியலில் எங்கள் ஊர்ப்பக்கத்துக்கு ஒரு வரி வேண்டும், அந்த வரியின் கடைசியில் என் பெயர் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். கல்யாணப் பேச்சு எடுத்துக்கொண்டிருந்த வீட்டில் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்?

"ஊர்ல மத்த பொம்பளைப் பிள்ளைக ஒட்டடை அடிக்கிறாக. நீ ஒட்டடைக்குள்ள தலைய விட்டுக்கிட்டுத் திரியுற" என்றாள் அம்மா.

விட்டுக்கொண்டுதான் திரிந்தேன். குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்துக்கொண்டு செடியைக் குச்சியால் தட்டினால் சிலந்திகள் குடைக்குள் விழும். திராட்சைப் பந்தல்காரர்கள் முதலில் முறைத்தார்கள். பழத்தைத் தொட மாட்டேன் என்று தெரிந்ததும் அவர்களே கூப்பிட்டுக் காட்டினார்கள். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் காலியான பென்சிலின் புட்டிகளை வாங்கிக்கொண்டேன். ரப்பர் மூடி போட்ட அந்தக் குட்டிப் புட்டிகள் இதற்கென்றே செய்தவை மாதிரி இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சிலந்தி, கொஞ்சம் ஸ்பிரிட், பென்சிலால் இடத்தை எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. சீட்டுத்தான் முக்கியம். எந்த இடம் என்று தெரியாத சிலந்தி வெறும் செத்த பூச்சி என்று கல்கத்தாக்காரர் எழுதியிருந்தார். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

மலைச்சரிவில் பிடித்துவிட்டு ஒருநாள் சாயங்காலம் குமுளி பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தேன். அடிவாரச் செக்போஸ்ட்டில் பஸ் நின்றது. ஏட்டு ஒருவர் ஏறினார். நல்ல உயரம், நரைத்த மீசை. இரண்டு சீட் தாண்டியதும் நின்று மூக்கை உறிஞ்சினார். நேராக என் துணிப்பைக்கு வந்தார்.

"இங்கன இறங்குத்தா" என்றார்.

பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. செக்போஸ்ட் என்பது ஓடு போட்ட ஓர் அறை, ஒரு மேஜை, தலைக்கு மேலே ஒரு பல்பு. புட்டிகளை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று கீழே வைத்தார்.

"என்னத்தா இது?"

"சிலந்தி, ஏட்டய்யா. நாட்டுல என்னென்ன சிலந்தி இருக்குன்னு கல்கத்தாவுல பட்டியல் போடுறாக."

"பட்டியல் போட்டு?"

"தெரிஞ்சுக்கிருவோம்."

"தெரிஞ்சுக்கிட்டு?"

ஒரு புட்டியை எடுத்து உள்ளே இருந்த சீட்டைக் காட்டினேன். இன்றைக்கும் சரியான பதில் என்னிடம் இல்லை. அவர் என்னை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் புட்டிகளையெல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டார். பிறகு பையின் அடியிலிருந்து கடைசிப் பாட்டிலை எடுத்தார். அது டானிக் பாட்டில், பழுப்புக் கண்ணாடி, தட்டையான உருவம். புட்டிகளில் குறைந்தால் ஊற்றிக்கொள்ள அதில் வெறும் ஸ்பிரிட் வைத்திருந்தேன். பல்புக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பூச்சியக் காணோமே."

"அது வேணும்கிறப்ப ஊத்திக்கிறதுக்கு."

சொன்ன பிறகுதான் என் வாயை நானே அடைத்திருக்கலாம் என்று தோன்றியது.

"பூச்சி கெடந்தா மருந்து. பூச்சி இல்லேன்னா சாராயம். எனக்கு இம்புட்டுத்தான் தெரியும் தாயி" என்றார் ஏட்டு. கல்லூரியின் ஸ்பிரிட் லைசென்ஸைக் கேட்டார். லைசென்ஸ் கல்லூரிச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதுவும் லாபரட்டரிக்குள் வைத்துக்கொள்ளத்தான். பஸ்ஸில் கொண்டுபோக அல்ல. அவர் பாட்டிலைத் திறந்து, பரிசோதனைக்கென்று கொஞ்சத்தை வேறொரு புட்டியில் ஊற்றி எடுத்துக்கொண்டு, எங்கே என்ன பிடிபட்டது என்று மகஜர் எழுத உட்கார்ந்தார். நிதானமான கை. ஒவ்வொரு எழுத்தாக வரைந்தார். நான் பல்பைச் சுற்றிய பூச்சிகளையும் ஓட்டுக்கூரையின் ஒட்டடையையும் அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். அவமானத்தை விட, அந்த ஒட்டடையில் என்ன இருக்கும் என்ற நினைப்புத்தான் மேலோங்கி இருந்தது. எழுதி முடித்து, பாட்டிலுக்குக் கார்க்கை அடித்து, துணி கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். டீக்கடைக்காரரும் ஒரு லாரி டிரைவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். கோர்ட்டிலிருந்து சம்மன் வரும் என்று சொல்லி ஏட்டு என்னை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

விஷயம் மறுநாளே கல்லூரிக்குப் போய்விட்டது. முதல்வர் நல்லவர், ஆனால் பயந்தவர். "ஸ்பிரிட் லேப்ல இருந்து போனதுதான்னு லெட்டர் தர்றேம்மா. அதுக்கு மேல என்னால ஆகாது. தண்டனைன்னு ஆயிருச்சுன்னா வேலை இல்லை" என்றார். அப்பா கடையில் நிறுத்த பருப்பையே திரும்பத் திரும்ப நிறுத்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பேச்சு தானாக நின்றுபோனது. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கிடையே ஏட்டு விட்டுக்கொடுத்த புட்டிகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பியிருந்தேன். பதில் வந்தது. எல்லாம் ஏற்கெனவே பல ஊர்களிலிருந்து பட்டியலில் ஏறிய சாதாரண இனங்கள், முயற்சிக்கு நன்றி, புதிதாக ஏதாவது கிடைத்தால் அனுப்புங்கள். வேலை போனாலும் போகட்டும், அந்த ஒரு வரியாவது கிடைத்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு அழுதேன்.

வாய்தா மேல் வாய்தாவாகப் போய், ஒருவழியாக விசாரணை வந்தது. ஏட்டு கூண்டில் ஏறி நடந்ததை நடந்தபடியே சொன்னார். என் வக்கீல் எழுந்து, "மற்ற புட்டிகளை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டார்.

"அதுல பூச்சி கெடந்துச்சுங்க. இதுல இல்லை. இருந்திருந்தா இதையும் விட்டிருப்பேன்."

மாஜிஸ்ட்ரேட் பாட்டிலை வாங்கி அரக்கு முத்திரையைப் பார்த்தார். உடையாமல் அப்படியே இருந்தது. உடைத்துத் திறக்கச் சொன்னார். கிளார்க் ஒரு கண்ணாடி டம்ளரில் ஸ்பிரிட்டை ஊற்றினார். பாதி ஊற்றியபோது பாட்டிலிலிருந்து ஏதோ வழுக்கிக்கொண்டு வந்து டம்ளருக்குள் விழுந்தது. மெதுவாகச் சுழன்று அடியில் போய் உட்கார்ந்தது. சிலந்தி.

கோர்ட்டில் சிரிப்பு எழுந்து அடங்கியது. ஏட்டின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. வக்கீல் குனிந்து என் காதில், "ஆமாம், என்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, கேஸ் முடிஞ்சது" என்றார்.

"ஏம்மா, இது நீங்க பிடிச்சதா?" என்று கேட்டார் மாஜிஸ்ட்ரேட்.

கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துக்கொண்டு மேஜைக்கே போய்விட்டேன். யாரும் தடுக்கவில்லை. உளுந்து அளவு உடம்பு. சாம்பல் நிறம், முதுகில் குறுக்கே மூன்று கறுப்புப் பட்டை, முன்னங்கால்கள் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளம். அந்தப் பட்டியலையும் கையில் கிடைத்த படங்களையும் கரைத்துக் குடித்திருந்தேன். இப்படி ஒன்றை நான் எங்கேயும் கண்டதில்லை. அந்த நிமிஷம் கேஸ் மறந்தே போனது.

"இல்லைங்கய்யா. இத நான் பிடிக்கலை. இப்பத்தான் முதல்தடவையாப் பாக்குறேன்" என்றேன்.

வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெரிய சத்தியவதி என்று என்னைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். அப்பாவின் கடையில் தேதி தெரியாத மிளகாய்ப்பொடியைப் புதுசு என்று விற்றவள்தான். ஆனால் பிடித்தேன் என்றால் எங்கே பிடித்தேன் என்று சொல்ல வேண்டும். ஓர் இடத்தைப் பொய்யாகச் சொல்ல வேண்டும். அந்தப் பொய் பட்டியலில் ஏறி, எனக்குப் பிறகு வருகிறவர்கள் அந்த இடத்தில் போய்க் குடையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். அதை நினைக்கவே பிடிக்கவில்லை.

"அப்ப இது யாருது?"

"செக்போஸ்ட்டுதுங்கய்யா. ஏட்டய்யா எழுதி முடிக்கிற வரைக்கும் பாட்டில் திறந்தே இருந்துச்சு. அப்ப கூரையில இருந்து விழுந்திருக்கணும். முத்திரை வச்ச பெறகு வேற எங்கன இருந்தும் விழ வழியில்லை."

மாஜிஸ்ட்ரேட் முதல்வரின் கடிதத்தை எடுத்துப் படித்தார். "தனக்குச் சாதகமா வந்த சிலந்தியையே என்னுது இல்லைன்னு சொல்றவங்க, ஸ்பிரிட் எதுக்குன்னு சொன்னதை மட்டும் நான் ஏன் சந்தேகப்படணும்?" என்றார். எச்சரித்து விடுதலை. லைசென்ஸ் இல்லாமல் இனி ஒரு சொட்டுக்கூட எடுத்துப்போகக் கூடாது, ஸ்பிரிட்டைக் கொட்டி அழித்துவிட வேண்டும்.

கிளார்க் டம்ளரைக் கையில் எடுத்தார். நான் கத்தியேவிட்டேன். "ஐயா, ஸ்பிரிட்டத்தான சொன்னீக. சிலந்தி?"

மாஜிஸ்ட்ரேட் குற்றப்பத்திரிகையைப் புரட்டினார். "சிலந்தின்னு இதுல எங்கயும் இல்லையே. அப்ப அது கோர்ட்டுக்குச் சொந்தமில்லை. எடுத்துக்கங்க."

என் கைப்பையில் எப்போதும் போல ஒரு பென்சிலின் புட்டி இருந்தது. அதற்குள் என்ன இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் அதைத் திறந்து சிலந்தியை உள்ளே விட்டு மூடும்வரை மாஜிஸ்ட்ரேட் அடுத்த கேஸ்கட்டை ரொம்பக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

கல்கத்தாவிலிருந்து இந்த முறை பதில் சீக்கிரம் வந்தது. இது நாட்டுப் பட்டியலில் அதுவரை ஏறாத இனம். பெண் சிலந்தி. ஆணும் கிடைத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். எந்த இடம், அதற்கு என்ன ஆதாரம்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரக்கு முத்திரையும் மகஜரும் இரண்டு சாட்சிக் கையெழுத்தும் உள்ள சிலந்தி உலகத்தில் வேறு யாரிடம் இருக்கும்? எல்லாவற்றையும் எழுதினேன். இந்த முறை லைசென்ஸுக்கு எழுதிப்போட்டு, அனுமதி கையில் கிடைத்த பிறகுதான் செக்போஸ்ட்டுக்குப் போனேன்.

ஏட்டு என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "இன்னும் என்னத்தா?" என்றார். ஆண் சிலந்தி வேண்டும் என்றேன். அவர் ஸ்டூலை எடுத்துப் போட்டார். கூரையில் ஒன்றும் இல்லை. சுவரில் இல்லை. மது கடத்துவது குற்றம் என்று எழுதித் தொங்கவிட்டிருந்த பலகையைக் கடைசியாகத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளைத் துணி ஒட்டுப்போட்ட மாதிரி அங்கங்கே வலை. ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று பட்டை போட்ட சிலந்தி. ஆணுக்கு முகத்தருகே இருக்கும் இரண்டு குட்டிக் கைகளின் நுனி உருண்டு தெரியும். லென்ஸில் அதைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து விழப்போனேன். ஏட்டுத்தான் பிடித்துக்கொண்டார். பிறகு அவரும் லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இது கடிக்குமா?"

"தெரியலை, ஏட்டய்யா."

"இம்புட்டு நாளும் இதுக்கு அடியிலதான் உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

அனுப்பும்போது சீட்டில் பிடித்தவர் பெயர் எழுத வேண்டிய இடம் வந்தது. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆணைப் பிடித்தது நான். ஆனால் முதன்முதலில் கிடைத்ததுதான் பட்டியலில் ஏறும். அதைப் பாட்டிலில் அடைத்து முத்திரை வைத்தவர் அவர். நான் அப்போது கையைக் கட்டிக்கொண்டு நின்ற குற்றவாளி. எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அது என் பெயர் ஆகவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கொஞ்சம் பொறாமையும்கூட. அவர் பெயரை எழுதினேன்.

பட்டியல் அச்சாகி வரச் சில வருஷம் ஆயிற்று. அதை எடுத்துக்கொண்டு கூடலூரில் அவர் வீட்டுக்குப் போனேன். ரிட்டயர் ஆகியிருந்தார். என் கேஸ் கோர்ட்டில் சிரிப்பாகிப் போனதில் அவருக்கு மேலிடத்தில் நல்ல திட்டு என்று அப்போதுதான் கேள்விப்பட்டேன். பக்கத்தைத் திறந்து விரலால் காட்டினேன். எங்கள் பள்ளத்தாக்கு அந்தப் புத்தகத்தில் முதன்முதலாக வருகிற வரி. அடிவாரச் செக்போஸ்ட், அதற்கடுத்து அவர் பெயர். இங்கிலீஷ் எழுத்தில் இருந்த தன் பெயரை மகஜர் எழுதுகிற அதே நிதானத்தோடு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"சர்வீஸ் பூராவும் நான் பிடிச்சது எம்புட்டோ. பாதிக்கு மேல கோர்ட்டுல நிக்கலை தாயி" என்றார்.

"இது நிக்கும், ஏட்டய்யா" என்றேன்.