வழுக்கையாற்று வெள்ளத்தில் மாதா என் பிள்ளையைத் திருப்பித் தந்தாள்

என் புருஷன் சவிரிமுத்து ஐப்பசி மாதத்தில் கடலுக்குப் போனார். திரும்பி வரவில்லை. வள்ளத்தின் ஒரு பலகை மாத்திரம் கரை ஒதுங்கியது. ஆள் கிடைக்கவில்லை. குழி இல்லை, சிலுவை நட இடமில்லை. அது இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய வருஷம். எனக்கு அப்போது முப்பது வயது இருக்கும்.

நான் கரையூர் அன்னம்மா. இரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் இதை வேறொருவரைக் கொண்டு எழுதுவிக்கவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

அவர் போன பிறகு நான் அழவில்லை. ஊர்ப் பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் அவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். ஒரு நாள் மீன் வெட்டும்போது கத்தி விரலில் இறங்கிவிட்டது. இரத்தம் மீனில் வழிவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நோகவில்லை. பக்கத்து வீட்டு மதலேனா அக்கா ஓடி வந்து துணி சுற்றினா. செபமாலை சொல்லுவேன். வாய் சொல்லும். உள்ளே ஒன்றும் இல்லை. பூட்டிய வீட்டுக்கு முன்னால் நின்று கதவைத் தட்டுவது போல இருக்கும்.

எனக்கு ஒரே பிள்ளை. திரேசா. ஏழு வயது. நான் அவளுக்குச் சீப்பெடுத்துத் தலை இழுப்பதில்லை, சாப்பிட்டாயா என்று கேட்பதும் இல்லை. பசித்தால் அவள் மதலேனா அக்கா வீட்டுக்குப் போவாள். என்னை "அம்மா" என்று கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். அவள் என் பிள்ளை என்று எனக்குத் தெரியும். தெரிந்ததே தவிர அவளைப் பார்க்க மனம் அசையவில்லை. தாய்மார் இதை வாசித்தால் என்ன நினைப்பீர்களோ தெரியாது. உள்ளதைச் சொல்லுகிறேன்.

எங்கள் மாதா சபைப் பெண்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சனவரியில் வரும் மூன்று ராசாக்கள் திருநாள் கழிந்த கிழமை கடல் குழம்பிக் கிடக்கும். தொழில் இராது. அப்போது பெண்கள் மட்டும் சேர்ந்து, பெட்டியும் பானையும் தூக்கிக்கொண்டு, வழுக்கையாற்று வெளியால் மேலே நடந்து போவோம். மேலே ஒரு சின்ன மாதா கோயில் இருக்கிறது. அங்கே செபம் சொல்லிவிட்டுத் திரும்புவோம். வழியெல்லாம் பாட்டும் பகிடியும்தான். வருஷம் முழுக்க மீனோடு மாரடிக்கிற எங்களுக்கு வேறு உல்லாசம் ஏது?

"எடி அன்னம்மா, வெளிக்கிடடி. வீட்டுக்குள்ளை இருந்து பூஞ்சணம் பிடிச்சுப் போனாய்" என்று மதலேனா அக்கா வந்து நின்றா.

"நான் வரேல்லை அக்கா."

"உன்னை ஆர் கேட்டது? பிள்ளை வாறாள். அவளுக்குத் துணைக்கு நீ வா."

போனேன். போகாமல் இருப்பதற்கும் எனக்குக் காரணம் இல்லை.

அந்த வெளியில் நெல் விளைந்து தலை சாய்ந்து நின்றது. ஆற்றில் அங்கங்கே கணுக்கால் அளவு தண்ணீர்தான். நாங்கள் ஒரு வயல் வரம்பால் போகையில் ஒரு கமக்காரர் மண்வெட்டியோடு வந்தார்.

"எணை, வரம்பை மிதியாதையுங்கோ! கதிர் கொட்டுப்படுது, கண் தெரியேல்லையோ?"

"தம்பி, உம்மடை நெல்லை நாங்கள் காவிக்கொண்டே போகப்போறம்? எங்கடை பெட்டி நிறையக் கருவாடு கிடக்கு" என்றா மதலேனா அக்கா.

"ஓமோம். நீங்கள் வாறது எனக்கு அரைக் கட்டை தூரத்திலையே மணந்தது."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார். திரேசாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு மேடு. மருதமர நிழல். அதில் அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சினோம். வடக்கே வானம் கறுத்துக் கிடந்தது. எங்களுக்கு மேலே ஒரு துளி விழவில்லை. சாப்பிட்டு முடிக்கையில் மேட்டைச் சுற்றித் தண்ணீர் வந்துவிட்டது. சத்தம் இல்லாமல், புல்லுக்குள்ளால் ஊர்ந்து வந்தது.

இங்கேதான் நாங்கள் பிழைவிட்டோம். நாங்கள் கடல் சனம். தண்ணீர் என்றால் பெருகும், பிறகு வற்றும். அது எங்களுக்கு இரத்தத்தில் ஊறின கணக்கு.

"கடல் பெருகுது. பின்னேரம் வத்திப்போடும். இருங்கோடி" என்றா மதலேனா அக்கா.

ஒருத்தி விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். "அக்கா, உப்பில்லையே?"

"மழைத்தண்ணி கலந்திருக்கும். பேசாமல் இரு."

இருந்தோம். அது வற்றவில்லை. மழை மேலே கொட்டினால் தண்ணீர் கீழே வந்துகொண்டே இருக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? பின்னேரம் ஆனது. வயலும் வரம்பும் ஆறும் ஒன்றாகிவிட்டன. கதிர்களும் தெரியவில்லை. மேட்டிலும் தண்ணீர் ஏறத் தொடங்கியது. தொடையளவு தண்ணீர்தானே, கடற்கரையில் பிறந்த எங்களுக்கு இது ஒரு தண்ணீரா என்று ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம். ஒன்று சொல்ல வேண்டும். கடல் சனம் என்றாலும் எங்கள் பெண்களுக்கு நீச்சல் தெரியாது. கடலில் நீந்துவது ஆம்பிளைகள்.

எட்டத்தில் அந்தக் கமக்காரர் நின்று இரண்டு கையையும் வீசிக் கத்தினார். காற்றில் சொல் கேட்கவில்லை.

"பாருங்கோடி, நெல்லுக்காரன் திரும்ப வந்திட்டான்! வெள்ளத்துக்கை கிடக்கிற நெல்லுக்கும் காவல்!" என்றா மதலேனா அக்கா. எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே நடந்தார்கள்.

திரேசா எனக்கு முன்னால் ஒரு கை தூரத்தில் போனாள். இடுப்புக்கு மேல் தண்ணீர் அவளுக்கு. நான் அவள் கையைப் பிடித்திருக்கவில்லை. அவள் ஒரு அடி வைத்தாள். பிறகு அவள் அங்கே இல்லை. கத்தவில்லை. தண்ணீர் ஒரு முறை சுழன்றது. அவ்வளவுதான்.

மற்றப் பெண்கள் குழறிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார்கள். தண்ணீர் கலங்கி ஒரே சேறாகிவிட்டது. நான் அசையவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன். சுழன்ற இடத்திலிருந்து என் கண் எடுபடவில்லை. அப்போது என் வாயில் ஒரு சொல் வந்தது. மாதங்களாக உள்ளேயிருந்து வராத சொல்.

"தாயே, இவளை விடமாட்டன்."

செபம் என்று அதைச் சொல்லலாமா தெரியாது. கெஞ்சவில்லை. கோபமாகத்தான் சொன்னேன்.

அந்த மனிதர் வெள்ளத்தை உதைத்துக்கொண்டு ஓடி வந்தார். "இதிலை கிணறு இருக்கு! கட்டுக் கட்டாத கிணறு! அதைத்தானே கத்தினனான்!" மாரியில் இறைப்பு இல்லை என்று, தண்ணீர் இறைக்கிற துலாவையும் அதைத் தாங்குகிற ஆடுகாலையும் அவர் கழற்றி வைத்திருந்தார். எங்கும் ஒரே வெள்ளம். தன் கிணறு எந்த இடம் என்று அவருக்கே மட்டுக்கட்ட முடியவில்லை.

"எதிலை? பிள்ளை எதிலை போனவள்?"

பெண்கள் ஆளுக்கொரு பக்கம் காட்டினார்கள். நான் கையை நீட்டினேன். என் முகத்தைப் பார்த்தார். நான் காட்டிய இடத்தில் பாய்ந்தார்.

ஒரு முறை வெறுங்கையோடு வந்தார். மூச்செடுத்துக்கொண்டு திரும்பப் போனார். இரண்டாம் முறை பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அவள் நீலம் பாரித்திருந்தாள். மூச்சு இல்லை. மேட்டில் இன்னும் மூழ்காத இடத்தில் கிடத்தி, "போச்சுது" என்று தலையில் கை வைத்தார்.

மதலேனா அக்கா அவரை ஒரே தள்ளாகத் தள்ளினா. "விலகும் தம்பி! கிணறு உமக்குத் தெரியும். தண்ணி குடிச்ச ஆளை எங்களுக்குத் தெரியும்." கூழ்ப்பானையைக் கவிழ்த்து, பிள்ளையை அதன்மேல் குப்புறப் போட்டு, முதுகை அமத்தி அமத்தி உருட்டினா. எங்கள் கரையில் அப்படித்தான் செய்வார்கள். தண்ணீர் வந்தது. சேறு வந்தது. பிறகு ஒரு இருமல்.

திரேசா கண்ணைத் திறந்தாள். "அம்மா, குளிருது" என்றாள்.

அப்போதுதான் எனக்கும் குளிர்ந்தது. பல்லு அடித்தது. ஐப்பசிக்குப் பிறகு என் உடம்பில் நான் உணர்ந்த முதல் காரியம் அந்தக் குளிர். பிள்ளையை என் சேலைக்குள் சுற்றி, நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடுங்கினேன்.

அந்தக் கமக்காரரின் பெயர் கந்தையா. எங்களை வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவர் பெண்சாதி வைக்கோல் எரித்து எங்களைக் குளிர்காய வைத்தா. "பிள்ளையின்ரை தகப்பன் எங்கை?" என்று கேட்டா.

"கடலோடை போயிட்டார்" என்றேன். அந்தச் சொல்லை அதுவரை என் வாயால் சொன்னதில்லை. சொன்னதும் அழுகை வந்தது. விடியும்வரை நிற்கவில்லை.

காலையில் நான் கந்தையாவின் காலில் விழப் போனேன். "உங்களை எங்கடை மாதாதான் அனுப்பினவ" என்றேன். அவர் விலகி நின்றார். "நான் முருகா எண்டு சொல்லித்தான் பாய்ஞ்சனான். உங்கடை மாதாவும் எங்கடை முருகனும் தங்களுக்குள்ளை கதைச்சு முடிவெடுக்கட்டும். பிள்ளை மூச்சு விடுது, அது காணும்" என்றார். எங்கள் கோயில் சுவாமியாரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார்.

அதன் பிறகு என் சீவியம் மாறியது. ஒரே நாளில் அல்ல. அதற்குப் பிறகும் சில நாட்களில் கல்லுப்போல இருந்தேன். ஆனால் தினமும் காலையில் பிள்ளைக்குத் தலை இழுத்தேன். கை அந்த வேலையைச் செய்யச் செய்ய மனம் மெல்ல மெல்லப் பின்னால் வந்தது. செபமும் அப்படித்தான் திரும்பி வந்தது. இன்றைக்குத் திரேசா மயிலிட்டியில் கலியாணம் முடித்து நாலு பிள்ளைகளோடு இருக்கிறாள்.

நான் நீண்ட காலம் யோசித்தேன். மற்றவர்கள் ஓடி ஓடித் தண்ணீரைக் கலக்கியபோது, அசையாமல் நின்ற நான்தான் இடத்தைக் காட்டினேன். என் மரத்துப்போன தன்மையைக்கூட மாதா வீணாக்கவில்லை.

ஆகையால் சகோதரிகளே, உங்களில் யாருக்காவது அழுகை வராமல், செபமாலை கையில் வெறும் மணியாகக் கிடந்தால், விசுவாசம் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். உருக்கமாகக் கேட்க முடியாவிட்டால் கோபமாகக் கேளுங்கள். நான் கேட்டது அப்படித்தான். தாய் கோபிக்கவில்லை. பிள்ளையைத் தந்தாள்.