நான் போடாத சாட்சிக் கையெழுத்து

மந்தைவெளி ஃப்ளாட்டில் அண்ணனோடு பன்னிரண்டு வருடம் வாழ்ந்தவர் நூர்ஜஹான். இருவரும் முறைப்படி திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனாலும் எனக்கு அவர் அண்ணிதான்.

போன வருடம் அண்ணன் போனில் பேசினார். "உயில் எழுதிட்டேன்டா. வீடு அவளுக்கு. ரெண்டு சாட்சி கையெழுத்து போடணும். பக்கத்து வீட்டுக்காரர் ரெடி, நீயும் வந்துடு."

"ஆபீஸ்ல ரொம்ப வேலைண்ணா. அடுத்த வாரம் வரேன்" என்றேன்.

அது பொய். அண்ணனின் சாவைப் பற்றிய காகிதத்தில் கையெழுத்துப் போடப் பயந்தேன். மூன்று வாரம் தட்டிக்கழித்தேன். அதற்குள் மாரடைப்பில் அண்ணன் போய்விட்டார்.

சாட்சிகள் கையெழுத்திடாத உயில் செல்லாது என்றார் வக்கீல். பிள்ளைகளும் பெற்றோரும் இல்லாததால் வீடு எனக்கும் இரண்டு அக்காக்களுக்கும் வந்தது. என் பங்கை அண்ணிக்கே விட்டுக்கொடுப்பதாகச் சொன்னேன். அக்காக்கள் சம்மதிக்கவில்லை. வீட்டை விற்றே ஆகவேண்டும் என்றார்கள்.

அண்ணி இரண்டு பெட்டிகளோடு ஆட்டோவில் ஏறினார். "என்னாலதான் அண்ணி" என்றேன்.

"அப்படிச் சொல்லாதப்பா. 'அவனுக்கு வேலை அதிகம், பாவம், வந்துடுவான்'னு கடைசி வரைக்கும் சொல்லிக்கினு இருந்தாரு."

வேலை எதுவும் இருக்கவில்லை என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அண்ணன் என்னை நம்பியபடியே போனார் என்பதைத்தான் இன்றும் தாங்க முடியவில்லை.