அவள் பெயரில் நான் செய்த வேலை

2009-ஆம் வருடம், மழைக்காலம். புதுக்கடைக்குப் பக்கத்தில் ஓர் அண்டி ஆபீஸில் எனக்கு வேலை. முந்திரிப் பருப்பு ஆலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். உடைத்த பருப்பின் தோலைச் சின்னக் கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும். ஒன்பது வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த கூட்டுக்காரிக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. பாயோடு பாயாகக் கிடந்தாள்.

பத்து நாள் தொடர்ந்து வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள், தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யும் போய்விடும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. எங்கே எழுதியிருக்கிறது என்று ஒருத்தியும் கேட்டதில்லை. நான் கேட்பேனா? எதிலும் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு நிற்பதுதான் என் குணம்.

சாயங்காலம் பருப்பை எடை போடும்போது நம்பரைச் சொன்னால் போதும், அன்றைக்கு ஆஜர். கணக்குப்பிள்ளை தலை நிமிர்ந்தே பார்க்க மாட்டார். நான் சுரண்டியதில் கொஞ்சத்தைத் தனிக் கிண்ணத்தில் வைத்து அவள் நம்பரைச் சொன்னேன். இப்படிப் பதினோரு நாள். கூட இருந்தவர்கள் யாரும் மூச்சு விடவில்லை. சனிக்கிழமை அந்தக் கூலியை, பழைய பாக்கி என்று பொய் சொல்லி அவளிடம் கொடுத்தேன். என்னைப்போல ஒரு சிநேகிதி யாருக்கு வாய்க்கும் என்று எனக்கு ஒரே பெருமை.

மூன்றாம் வாரம் அவள் வீட்டுக்காரர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். இ.எஸ்.ஐ. டாக்டர் கொடுத்த சீட்டைக் காட்டி, நோய்க்காலத்துக்கு உண்டான பணத்தை இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேட்டிருக்கிறார். அங்கிருந்து கம்பெனியில் விசாரித்தால், அவள் வேலைக்கு வந்ததாகப் பதில் போயிருக்கிறது.

"கள்ளம் சொல்லி பணம் கேக்கியான்னு பாக்காவ. அவ எந்திரிச்சு நிக்க முடியாம கெடக்கா," என்றார்.

மழையில் அவருக்கும் கட்டட வேலை கிடையாது. அவள் எழுந்து நடக்கும்வரை அந்தப் பணம்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய இருந்த ஒரே வழி.

உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். கணக்குப்பிள்ளையும் மாட்டுவார். சொல்லாவிட்டால் படுத்துக் கிடக்கிறவளுக்குக் கள்ளிப் பட்டம். இரண்டு நாள் இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைப்பேன், எழுந்துவிடுவேன். அவள் வீட்டு வழியே போகாமல் சுற்றிப் போனேன். முழுப் பருப்பெல்லாம் என் கையில் உடைந்து உடைந்து விழுந்தது. மூன்றாம் நாள் காலையில் கத்தியைக்கூட எடுக்காமல் மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கொஞ்சநஞ்சத் திட்டா! ஒரு வாரம் வேலைக்கு வரக்கூடாது என்றார். இ.எஸ்.ஐ. அலுவலகத்திலும் போய் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த அம்மா அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவங்க வராத நாளுக்குத்தான்மா இந்தப் பணமே. அதுக்குத்தான் முன்னாடி வேலை செஞ்ச காலத்துல சம்பளத்துல பிடிச்சிருக்கு. இதை வாங்குற நாள்ல அவங்கள வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. வந்ததா நீங்க காட்டினதுதான் வினை," என்றார்.

ஒன்பது வருடமாக மாசாமாசம் பிடித்தது எதற்கென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

பதிவேட்டைத் திருத்தி அவளுக்குப் பணம் வந்துசேர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் அவளைப் பார்க்கத் தைரியம் வந்தது. கண்ணில் இன்னும் மஞ்சள் இருந்தது.

"ஏட்டி, நான் பாயில கெடந்தப்போ எனக்க பேருல வேல செய்ய ஒன்ன ஆரு விளிச்சா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

இப்போது யாராவது சுகமில்லாமல் படுத்தால், அவள் பெயருக்கு நேரே ஆப்சென்ட் விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் போய்ப் பார்க்கிறேன். படுத்துக் கிடக்க என் கூட்டுக்காரிக்கு இருந்த உரிமையை, உதவி என்று நினைத்து நானே பறிக்கப் பார்த்தேனே என்ற உறுத்தல் இன்னும் போகவில்லை.